பெரியவரோடு ஒரு உப்புத்தாள் வழக்கு

லேத்தில் மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடைகிற கடைசல் வேலை தெரிந்த நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். உளியை ஒழுங்காகத் தீட்டி ஒழுங்காகப் பிடித்தால் உப்புத்தாளுக்கு வேலையே இல்லை. தாளை எடுக்கிறவன் உளி பிடிக்கத் தெரியாதவன். எங்கோ யாரோ சொன்னதாக இருந்தால் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். பர்மாவின் மோல்மீன் ஊரில் ஒரு பெரியவர் இதை என் முகத்துக்கு நேராகவே சொன்னார். தேக்கில் கடைந்து எடுத்துப் போயிருந்த கிண்ணத்தை வாங்கி, வாசலுக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி. ஆனா இது உளி செஞ்ச வேலை இல்ல. தாள் செஞ்ச வேலை." குரலில் கோபமோ ஏளனமோ இல்லை. டீ வந்தது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ரங்கூனுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்குள் அந்த ஒரு வரிதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது சரி என்று ஏற்கவும் முடியவில்லை, தப்பு என்று தள்ளவும் முடியவில்லை.

தள்ள முடியாததற்குக் காரணம் அவருடைய கை. மோல்மீன் என்றாலே தேக்கு. 1827-லிருந்து 1852 வரை வெள்ளைக்காரனுடைய பர்மாவுக்கு அந்த ஊர்தான் தலைநகர். சால்வின் ஆற்றில் மிதந்து வந்த தேக்கு மரங்களை அறுத்துக் கப்பல் கட்டியதும், கப்பலில் ஏற்றி அனுப்பியதும் அங்கேதான். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் நிற்கிற தூண்களைப் பார்த்து ‘பர்மா தேக்கு’ என்று நம் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்களே, அந்தத் தேக்கின் ஊர்களில் அதுவும் ஒன்று. பெரியவர் வாழ்நாள் முழுக்க அந்த மரத்தில் கட்டில் காலும் தொட்டில் காலும் மாடிப்படிக் கைப்பிடித் தூணும் கடைந்தவர். அவர் கடைந்த கால் ஒன்றை எடுத்துப் பார்த்தால், உளி போன இடம் நனைந்தது போல மினுங்கும். தாள் படாத தேக்குக்கு மட்டும் வரும் மினுக்கம் அது. அப்படிப்பட்டவர் சொன்ன வார்த்தையை எப்படி ஒதுக்குவது?

பாதி உண்மை

யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவாயிற்று. அவர் தொழிலில் அவர் சொன்னது முழு உண்மை. கட்டில் காலுக்கு மாட்டும் கட்டையில் நார் லேத்தின் அச்சோடு நீளவாக்கில் ஓடுகிறது. உளி பெரிய விட்டத்திலிருந்து சின்ன விட்டத்துக்கு இறங்கும்போது ஒவ்வொரு நாரும் அடியில் இன்னொரு நாரின் தாங்கலோடு வெட்டுப்படுகிறது. பிய்ந்து வர வழியே இல்லை. வாய் சாய்ந்த பட்டை உளியைக் கூராகத் தீட்டி இழைத்தால் கண்ணாடி மாதிரிப் பரப்பு கிடைக்கும். அதன் மேல் 180 நம்பர் தாளை வைப்பது அநியாயம். வெட்டுப்பட்ட நாரெல்லாம் கீறுபட்டு, நிறம் மங்கி, கடைந்த மணிகளின் ஓரங்களும் மழுங்கிப்போகும். இந்த விஷயத்தில் நான் பெரியவர் கட்சிதான்.

கிண்ணத்தின் கதை வேறு. கிண்ணத்துக்குப் பலகையைப் படுக்கவைத்து மாட்டுகிறோம். நார் குறுக்கே கிடக்கிறது. மரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது உளி இரண்டு இடத்தில் நாரின் போக்கோடு போகிறது, இரண்டு இடத்தில் அதற்கு எதிராகப் போகிறது. எதிராகப் போகிற இடத்தில், நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாருக்குப் பின்னால் தாங்கல் கிடையாது. வெட்டுப்படுவதற்கு முன் வளைகிறது, வளைந்து பிய்கிறது. தேக்கிலேயே இது வரும். தூங்குமூஞ்சி மரம் போல நார் கொஞ்ச காலம் இந்தப் பக்கமும் அப்புறம் கொஞ்ச காலம் அந்தப் பக்கமும் சாய்ந்து பின்னி வளர்ந்த மரத்தில், எந்தக் கூர் உளியும் எல்லாப் பக்கத்தையும் ஒரே மாதிரி வெட்டிவிடாது. இதை நான் நம்பினேன். ஆனால் என் கையை வைத்து மட்டும் இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றும் தோன்றியது. என்னைவிடப் பெரிய கை ஒன்று அந்த மரத்தில் உளியை வைத்துப் பார்க்க வேண்டும்.

தூங்குமூஞ்சிக் கிண்ணம்

ரங்கூன் தெருக்களில் நிழல் தரும் பெரிய மரங்களில் தூங்குமூஞ்சி நிறைய. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபோது அவற்றில் எத்தனையோ வேரோடு சாய்ந்தன. என்னிடம் ஒரு கனத்த துண்டு இருந்தது. அதுவும் அப்படி விழுந்த மரத்தினுடையதுதான் என்று விற்றவர் சொன்னார். காப்பிக் கொட்டை நிறத்தில் நடுமரம், ஓரத்தில் வெண்ணெய் நிறத்தில் வெளிமரம். அதைப் பாதி கடைந்து, காயவைத்து, அடுத்த தடவை மோல்மீன் போகும்போது எடுத்துக்கொண்டு போனேன். "ஐயா, இதை நீங்க முடிச்சுக் குடுங்க. தாள் வேணாம்" என்றேன். சவால் விடுகிற எண்ணம் எனக்கு இல்லை. அவர் எப்படிச் செய்கிறார் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் கிண்ணத்தை லேத்தின் பிடியான சக்கில் மாட்டி, வெறும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நின்ற இடத்தில் நார் எப்படிப் போகிறது என்று பார்த்தார். நகவுளியைக் கல்லில் தீட்டினார். விளிம்பிலிருந்து அடிப்பாகம் நோக்கி ஒரே இழுப்பு. சுருள் நீளமாக, அறுபடாமல் அவர் மணிக்கட்டின் மேல் வந்து விழுந்தது. சத்தம் மட்டும் சீராக இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை ‘ஸ்ஸ்’ என்று வழுக்கி, இரண்டு தடவை ‘க்ரக்’ என்று தட்டியது. லேத்தை நிறுத்தினார். இரண்டு பக்கம் பளிங்கு. மற்ற இரண்டு பக்கமும் சொரசொரப்பு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. உளியை மறுபடி தீட்டினார். பரப்பை ஈரத்துணியால் ஒற்றி நாரை ஊறவைத்து, கைப்பிடியைத் தாழ்த்தி, முடி கனத்துக்கு ஒரு சீவல் எடுத்தார். இந்தத் தடவை சொரசொரப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்னொரு தடவை. இன்னும் குறைந்தது. கடைசியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு திட்டு மட்டும் மிஞ்சியது. அந்த இடத்தில் நார் நேர் எதிராகத் திரும்பியிருந்தது. அது போகவே இல்லை.

அப்போது அவர் எழுந்து பட்டறையின் பின்பக்கம் போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே காய்ந்த இலைகள். பராய் இலை. நம் ஊரில் திருப்பராய்த்துறைக் கோயிலுக்குத் தலமரமாக இருக்கிற அதே பராய். இந்த நாட்டிலும் வளர்கிறது. இலையைத் தடவிப் பார்த்தால் பூனை நாக்கு மாதிரி இருக்கும். மரச்சாமானையும் தந்தத்தையும் மெருகேற்ற நெடுங்காலமாக இந்த இலையைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். பெரியவர் லேத்தை ஓட்டவில்லை. நின்ற கிண்ணத்தில், அந்தத் திட்டில் மட்டும், நார் போன போக்கில் இலையை வைத்துத் தேய்த்தார். இலை தேய்ந்ததும் இன்னொன்று. இரண்டு மூன்று தேய்ப்புக்கு ஒருமுறை கிண்ணத்தைத் திருப்பி, கதவு வழியாக வரும் வெளிச்சம் சாய்வாகப் படும்படி வைத்துப் பார்த்தார். விரலால் தடவிப் பார்க்கவில்லை. நான் தடவிப் பார்க்கக் கையை நீட்டியபோது, "கை பொய் சொல்லும் தம்பி. வெளிச்சத்துக்குக் காட்டு" என்றார். திட்டு மறைந்த பிறகுதான் லேத்தை மெதுவாக ஓட்டி, இலையை முழுப் பரப்பிலும் ஒருமுறை காட்டி, கடைசியாகக் கீழே கிடந்த சுருளில் ஒரு கைப்பிடி அள்ளி ஓடும் மரத்தின் மேல் அழுத்தினார்.

"இதுவும் தேய்ப்புதானே ஐயா?" என்று கேட்டேன். "இது இலைப்பா" என்றார். அவர் அளவில் அது முழுமையான பதில். எனக்கும் அதற்கு மேல் வாதாடத் தோன்றவில்லை, ஏனென்றால் நான் தேடி வந்தது அதற்குள் கிடைத்துவிட்டது. கேள்வி, தாளா உளியா என்பது இல்லை. தேய்க்கிற பொருள் எதுவாக இருந்தாலும், அது போடும் கீறல் முந்தைய கீறலைவிடச் சின்னதா, முந்தைய கீறல் முழுவதும் போயிற்றா, இதை யார் பார்த்துச் சொல்வது, கையா கண்ணா என்பதுதான் கேள்வி. உளி ஒரு கூர். உப்புத்தாள் ஆயிரக்கணக்கான சின்னக் கூர்கள். இரண்டும் வெட்டுகின்றன. பாகன் ஊர்ப் பக்கத்தில் அரக்குச் சாமான் செய்பவர்களும் மூங்கில் பின்னலின் மேல் அரக்கைச் சாம்பலோடு குழைத்துப் பூசி, காயவைத்து, சுழற்றித் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்துத்தான் அந்த வழவழப்பைக் கொண்டுவருகிறார்கள். அங்கே தேய்ப்பை யாரும் குறைவாக நினைப்பதில்லை.

நம்பர் என்பது கீறலின் அளவு

இதற்குப் பிறகு நான் தாளைப் பார்க்கும் விதம் மாறியது. தாளின் நம்பரை ‘எவ்வளவு வழவழப்பு’ என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது உண்மையில் தாளில் ஒட்டியிருக்கும் தேய்ப்பு மணியின் பருமன். ஐரோப்பிய அளவில், அதாவது முதுகில் ‘பி’ என்று போட்டு வரும் தாளில், 80 நம்பர் மணியின் சராசரிப் பருமன் சுமார் 200 மைக்ரான்; ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. 120 நம்பரில் 125 மைக்ரான், 180-ல் 82, 240-ல் 58, 320-ல் 46, 400-ல் 35. இப்போது 80-லிருந்து நேரே 240-க்குத் தாவினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 200 மைக்ரான் மணி உழுத பள்ளத்தை 58 மைக்ரான் மணி நிரவ வேண்டும். முடியாது என்பதில்லை. ஆனால் அதற்குள் தாளும் தீர்ந்து, மரமும் சூடேறிவிடும். பெரும்பாலும் பள்ளத்தின் ஓரம் மட்டும் மழுங்கும். விரலுக்கு வழவழவென்று இருக்கும், பள்ளம் அடியில் அப்படியே கிடக்கும். ‘கை பொய் சொல்லும்’ என்பதன் பொருள் இதுதான். நம்பரை ஒன்றரை மடங்குக்கு மேல் தாவாமல் 80, 120, 180, 240, 320 என்று போவதுதான் சீக்கிரமாக முடிக்கும் வழி. இத்தனை தாள் மாற்றுவதா என்று அலுத்துக்கொள்பவர்களிடம் நான் சொல்வது, முதல் தாளில்தான் நேரம் போக வேண்டும் என்பதே. உளி விட்ட பிசிறையும் மேடுபள்ளத்தையும் எடுக்கிற வேலை முழுவதும் முதல் தாளுடையது. அடுத்தடுத்த தாள்களுக்கு முந்தைய தாளின் கீறலை எடுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அது நிமிஷ நேரம்.

இங்கே ஒரு குழப்பமும் உண்டு. ரங்கூன் ஹார்ட்வேர் கடைகளில் இந்தியத் தாள், தாய்லாந்துத் தாள், சீனத் தாள், ஜப்பான் தாள் எல்லாம் ஒரே அடுக்கில் கிடக்கும். எல்லாவற்றின் நம்பரும் ஒரே அளவு இல்லை. 220 வரை பெரிய வித்தியாசம் தெரியாது. அதற்கு மேல் அமெரிக்க அளவும் ஐரோப்பிய அளவும் பிரிந்து போகின்றன. ‘பி’ போட்ட 400-ல் மணி 35 மைக்ரான். ‘பி’ இல்லாத அமெரிக்க 400-ல் ஏறக்குறைய 23. ‘பி 400’க்கு அமெரிக்க அளவில் இணை 320தான். இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டு வரிசையாகத் தேய்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள், ஓரிடத்தில் ஒரே பருமனில் இரண்டு தடவை தேய்க்கிறார்கள், இன்னோரிடத்தில் ஒரு படியைத் தாண்டிவிடுகிறார்கள். தாளின் முதுகைத் திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மழைக்காலத் தாள்

எந்தத் தாள் என்பதை எங்கள் ஊரில் முதலில் முடிவு செய்வது மழை. ரங்கூனில் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, மோல்மீனில் அதைவிட வெகு அதிகம். ஏறக்குறைய எல்லாமே மே முதல் அக்டோபருக்குள். பழைய முறையில் மிருகப் பசை போட்டு ஒட்டிய மலிவுத் தாள்கள் அந்த ஈரத்தில் இளகிவிடும். மணி மரத்தில் உதிர்கிறது. உதிர்ந்த ஒரே ஒரு முரட்டு மணி அடுத்த தாளுக்கு அடியில் சிக்கினால் கிண்ணத்தைச் சுற்றிலும் ஒரு கோடு போட்டுவிடும். அதனால் ரெசின் போட்டு ஒட்டிய, மெல்லிய துணி முதுகுள்ள தாள்தான் லேத்துக்கு நல்லது. விலை கூடத்தான். ஆனால் வளைவுக்குள் மடங்கிப் போகும், மடித்த இடத்தில் கிழியாது, மழைக்கு அஞ்சாது. அதையும் இறுக மூடும் டப்பாவுக்குள்தான் வைக்கிறேன்.

மணியில் என் தேர்வு பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. சிலிக்கான் கார்பைடு, அதாவது கறுப்பாக இருக்கும் வாட்டர் பேப்பர், இன்னும் கூரானது. தண்ணீரோ எண்ணெயோ தொட்டுத் தேய்க்க அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் வெளிர் மரத்தில் அதன் கறுப்புத் தூள் துளைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். தூங்குமூஞ்சியின் வெண்ணெய் நிற ஓரத்தில் அது போய்விட்டால் எடுக்க முடியாது. ஆகவே கறுப்புத் தாள் எனக்குச் சிவந்த மரங்களான படாக்குக்கும் தமலானுக்கும் மட்டும்தான்.

தேக்குக்கென்று தனி வழக்கு உண்டு. அந்த மரத்தில் எண்ணெய்ப் பசை அதிகம். தூள் தாளின் மணிகளுக்கு நடுவே அப்பிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் தாள் பளபளவென்று ஆகிவிடும். அதற்கு அப்புறம் அது வெட்டாது, உரசிச் சூடு மட்டும் கிளப்பும். மணிகளை இடைவெளி விட்டு ஒட்டி, தூள் அப்பாமலிருக்க மேலே வெள்ளையாக ஸ்டியரேட் என்ற சோப்பு மாதிரிப் பொருளைப் பூசிய தாள் இருக்கிறது. அது தேக்கில் இரண்டு மூன்று மடங்கு தாங்குகிறது என்பது என் அனுபவம். அடைத்துக்கொண்ட தாளைச் சுத்தம் செய்ய வெளிநாட்டில் ஒரு ரப்பர் கட்டி விற்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, இயற்கை ரப்பர். மோல்மீன் இருக்கிற மோன் மாநிலம் முழுக்க ரப்பர் தோட்டமாக இருக்கும்போது அதை நாம் ஏன் வாங்க வேண்டும்? பச்சை ரப்பர் ஷீட்டைச் சுருட்டி ஒரு கட்டியாக வைத்துக்கொண்டு தாளின் மேல் உருட்டினால் தூளெல்லாம் அதோடு வந்துவிடுகிறது. தேக்கில் சிலிக்காவும் இருக்கிறது. உளியின் கூர் சீக்கிரம் போவதற்கு அதுதான் காரணம். கூர் போன உளி நாரைப் பிய்க்கும், பிய்ந்த நாரை எடுக்க முரட்டுத் தாள் வேண்டும். தேக்கில் கடைசி இரண்டு சீவலுக்கு முன் உளியைத் தீட்டிக்கொண்டால் 80 நம்பர் தாளைத் தொடவே வேண்டாம், நேரே 120-ல் தொடங்கிவிடலாம். பெரியவர் சொன்னதில் நான் கைக்கொண்ட பகுதி இது.

வேகமும் சூடும் கரண்டும்

25 சென்டிமீட்டர் கிண்ணத்தை நிமிஷத்துக்கு 1,000 சுற்று ஓட்டினால் விளிம்பு நொடிக்குப் பதின்மூன்று மீட்டர் ஓடுகிறது. உளிக்கு அது சரி. தாளுக்கு அது மிக அதிகம். அந்த வேகத்தில் மணி மரத்துக்குள் இறங்குவதற்கு முன்பே வழுக்கிப் போய்விடுகிறது. வெட்டு குறைந்து சூடு கூடுகிறது. நான் 400 சுற்றுக்கு இறக்கிவிடுகிறேன். விளிம்பு வேகம் நொடிக்கு ஐந்து மீட்டர் சொச்சம். தாள் வெட்டுகிறதா என்பது தூள் வரும் விதத்தில் தெரியும். வெட்டும் தாளிலிருந்து தூள் ஓடையாக இறங்கும். தூள் நின்றுவிட்டால் தாள் செத்துவிட்டது, அழுத்தினால் உயிர் வராது, மாற்ற வேண்டியதுதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று தாளுக்கும் விரலுக்கும் நடுவே தடித்த தோலை வைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விரல் சுடுவதுதான் நமக்கு இருக்கிற எச்சரிக்கை. விரல் பொறுக்காத சூட்டில் நார்முனைப் பக்கம் முடி போன்ற வெடிப்புகள் விடும். அதை எந்தத் தாளும் எடுக்காது. தாளுக்கும் விரலுக்கும் நடுவே மெல்லிய ஸ்பாஞ்சு போதும்.

பிடிக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தாளை மூன்றாக மடித்து, மரம் கையை விட்டு விலகி ஓடுகிற கீழ்ப்பக்கத்தில் பிடிக்க வேண்டும். அப்போது தாள் சிக்கினாலும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும், கையை உள்ளே இழுக்காது. விரலில் சுற்றிக்கொள்வது கூடவே கூடாது. கையுறை கூடாது. எங்கள் ஊரில் பட்டறையில் எல்லோரும் கைலிதான். முடிச்சின் தொங்கலை இடுப்பில் செருகாமல் லேத்தின் முன் நிற்பது உயிரோடு விளையாடுவது.

இனி கரண்ட். ரங்கூனில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 180-ல் பாதி போகும்போது லேத் நின்றுவிடும். பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் சத்தம் கிளம்பும், நம் மோட்டார் அதில் ஓடாது. அந்த நேரங்கள்தான் எனக்கு ஒரு நல்ல பழக்கத்தைக் கொடுத்தன. லேத் ஓடும்போது தாள் போடும் கீறல் எல்லாம் வட்டமாகவே விழும். அடுத்த தாளின் கீறலும் வட்டம். வட்டத்தின் மேல் வட்டம் விழுந்தால் எது 120-ன் கோடு, எது 180-ன் கோடு என்று கண்ணுக்குப் பிரிந்து தெரியாது. நின்ற லேத்தில், அதே தாளால், நாரின் போக்கில் நீளவாக்கில் தேய்த்தால் பழைய வட்டக் கோடு குறுக்கே நின்று காட்டிக் கொடுத்துவிடும். எல்லா வட்டமும் மறைந்த பிறகு அடுத்த தாள். பராய் இலையைப் பெரியவர் ஏன் நின்ற மரத்தில் வைத்துத் தேய்த்தார் என்பது எனக்கு இருட்டில், டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் முழுதாகப் பிடிபட்டது. கரண்ட் இருக்கிற நாளிலும் இப்போது ஒவ்வொரு நம்பருக்கு நடுவிலும் லேத்தை நிறுத்தி இதைச் செய்கிறேன்.

நின்ற மரத்தில் தேய்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பிய்ந்த திட்டு இரண்டே இடத்தில்தான் இருக்கும். அதற்காக லேத்தை ஓட்டித் தேய்த்துக்கொண்டே இருந்தால், நல்லாயிருக்கிற மெது நாரும் சேர்ந்து தேய்ந்து கிண்ணம் வட்டம் தப்பிவிடும். திட்டை மட்டும் நிறுத்தித் தேய்த்து, சமமான பிறகு ஓட்டலாம். டிரில்லில் மாட்டும் சின்ன ஸ்பாஞ்சுத் தட்டு இருந்தால் அதுவும் நல்லது. தாளும் சுற்றுகிறது, மரமும் சுற்றுகிறது, கீறல் ஒரே திசையில் விழுவதில்லை. லேத்தைத் திருப்பிச் சுழலவிட்டுத் தேய்த்தால் படுத்த நார் எழும்பி வெட்டுப்படும் என்பதும் உண்மை. ஆனால் திருப்பிச் சுற்றும்போது சக் தானே கழன்று வந்துவிடலாம். பூட்டு ஸ்க்ரூ இல்லாத லேத்தில் வேண்டாம்.

தூள்

சுருள் தீங்கில்லாதது, தூள் அப்படி இல்லை. உளி வேலையில் மரம் சுருளாகக் கீழே விழுகிறது. தாள் வேலையில் அதே மரம் மூச்சில் கலக்கிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் 1995-லேயே சேர்த்துவிட்டது. தேக்குத் தூளில் இருக்கும் சில பொருள்கள் பலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும். பட்டறைகளில் ‘மரக்காரனுக்கு இருமல் இருக்கத்தான் செய்யும்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். துணியைக் கட்டிக்கொள்வது போதாது. நுண்தூளைத் தடுக்கும் என்95 வகை முகமூடி வேண்டும், முதுகுப் பக்கத்திலிருந்து தூளை வெளியே தள்ளும் ஃபேன் வேண்டும். படாக் இன்னொரு விதத்தில் தொல்லை. சித்திரைத் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டி, முதல் மழையில் பொன்னிறமாகப் பூத்து ஊரையே மணக்கவைக்கும் மரம், தாள் பட்டால் செங்காவித் தூளாகக் கொட்டும். அந்தத் தூள் ஒட்டிய தாளைத் தப்பித் தவறித் தூங்குமூஞ்சியில் வைத்தால் வெண்ணெய் நிற ஓரம் சிவந்துவிடும். இரண்டு மரத்துக்கும் தாளைப் பிரித்தே வைத்திருக்கிறேன்.

எங்கே நிறுத்துவது

இதில் ஆளுக்கொரு கருத்து. 1,000, 2,000 என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் பூசப்போகும் கிண்ணத்துக்கு அது வீண் என்பது என் முடிவு. தேக்கில் 320-ல் நிறுத்துகிறேன், நார்முனை தெரிகிற இரண்டு பக்கத்தில் மட்டும் 400 வரை போகிறேன். அந்தப் பக்கங்கள் எண்ணெயை அதிகமாகக் குடித்துக் கறுத்துப்போகும். ஒரு படி கூடுதலாகத் தேய்த்தால் குடிப்பது குறைந்து நிறம் சேர்ந்து வருகிறது. தூங்குமூஞ்சிக்கு முழுவதும் 400. சோறோ பழமோ போட்டுக் கழுவப்போகிற கிண்ணம் என்றால் 240-க்கு அப்புறம் தண்ணீரால் ஒற்றி நாரை எழுப்பி, காயவிட்டு, மேலே போகிறேன். இல்லாவிட்டால் வாங்கிக்கொண்டு போனவர் வீட்டில் முதல் கழுவலிலேயே அது எழும்பிவிடும்.

எண்ணெய் பூசுவதற்கு முன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. டர்பன்டைனில் நனைத்த காகிதத்தால் கிண்ணம் முழுவதையும் ஒருமுறை துடைத்து, அது ஆவியாகும் முன் டார்ச்சைச் சாய்வாக அடித்துச் சுற்றிப் பார்ப்பது. காய்ந்த மரத்தில் ஒளிந்துகொண்டிருந்த கோடெல்லாம் ஈரத்தில் வெளியே வந்துவிடும். ஒரே ஒரு வளையம் தெரிந்தாலும் அதை 320-ஐ அழுத்தித் தேய்த்து மறைக்கப் பார்ப்பதில்லை. அந்த வளையம் எந்தத் தாள் போட்டது என்று அதன் அகலத்தை வைத்துக் கணித்து, பெரும்பாலும் 120-ஆகத்தான் இருக்கும், அதற்கு அடுத்த 180-க்கே திரும்பிப் போய், நின்ற லேத்தில் நார் போக்கில் தேய்த்து, அங்கிருந்து ஒவ்வொரு நம்பராக மறுபடி ஏறி வருகிறேன்.